சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை: வழியில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

#1 தென்வழிப்பயணி

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் செல்லவிருக்கிறோம். செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று வழக்கமான நான்குவழிச் சாலைதான். ஏறத்தாழ 700 கிலோமீட்டர். என்னுடன் 71 வயதான அம்மா, மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன் ஆகியோர் வருகிறார்கள். அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். தாமதமானால் கை நடுங்கி வியர்த்துவிடும்.

சென்ற ஆண்டு இதே வழியில் போனபோது, புறவழிச்சாலையை ஒட்டியிருந்த ஒரு பெரிய உணவகத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். கண்ணாடிக் கதவு, விளையாட்டுத் திடல், நூறு கார் நிற்கும் இடம் என்று பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் சோறு ஆறிப்போயிருந்தது. பொரியலில் ஒரு சாயல் புளிப்பு இருந்ததை நான் கவனித்தும், பசியில் குழந்தைகளைச் சாப்பிட விட்டுவிட்டேன். அன்றிரவு முழுவதும் மகன் வாந்தி எடுத்தான். கவனித்தும் பேசாமல் இருந்தேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. கடையின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. அதனால் எவருக்கும் பயனும் இல்லை.

எனக்கு வேண்டியது கடைப் பெயர்களின் பட்டியல் அன்று. பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் உள்ள கடைகள் நாம் போகும் நேரத்தில் மூடியிருக்கின்றன, அல்லது கைமாறியிருக்கின்றன. முன்பின் தெரியாத ஊரில், பசித்த குழந்தைகளை வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் ஒரு கடையை நம்பி உள்ளே நுழைவதற்கு நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதே என் கேள்வி.

#2 வரைபடப்பிரியன்

நண்பரே, நான் கைப்பேசி வரைபடத்தைத்தான் நம்புகிறேன்; ஆனால் நட்சத்திரப் புள்ளிகளை நம்புவதில்லை. நெடுஞ்சாலை உணவகங்களுக்குப் பல்லாயிரம் மதிப்புரைகள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு முந்தையவை. எனவே மதிப்புரைகளை எப்போதும் புதியவை முதலில் வருமாறு அடுக்கிக்கொண்டு, கடைசி இரண்டு மாதங்களில் எழுதியவற்றை மட்டும் படிக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் தமிழில் எழுதிய இரண்டு வரிகள், வெளியூர்க்காரர்கள் எழுதிய இருபது வரிகளைவிட எனக்கு உதவியிருக்கின்றன. மேலும், ‘உணவகம்’ என்று தேடாமல் ‘மெஸ்’, ‘இட்லி கடை’, ‘புரோட்டா’ என்று தமிழ் எழுத்தில் தேடுங்கள். பெரிய பலகை இல்லாத சிறு கடைகள் அப்போதுதான் கண்ணில் படும்.

இன்னொன்றும் முக்கியம். கடை சாலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பாருங்கள். நான்குவழிச் சாலையில் எதிர்ப்புறக் கடைக்குப் போக வேண்டுமென்றால், இடைவெளி வரும் வரை சில கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி, சாப்பிட்டபின் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். சோம்பல்பட்டு எதிர்த்திசையில் ஓட்டிவருபவர்களால்தான் அணுகுசாலைகளில் எத்தனையோ விபத்துகள் நேர்கின்றன. இடப்பக்கக் கடையில் சுமாரான தோசை கிடைத்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

#3 வேன்காரர்

ஐயா, 24 ஆண்டுகளாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். இந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 45, 7 என்ற பழைய எண்களில் இருவழிச் சாலையாக ஊர்களுக்கு நடுவே போன காலத்திலேயே ஓட்டியிருக்கிறேன். அப்போது நல்ல கடையை நாம் தேட வேண்டியதில்லை. சாலையே அந்தக் கடை வாசல் வழியாகப் போகும். காலையில் திண்டிவனத்தில் இட்லி, மதியம் துவரங்குறிச்சியிலோ மேலூரிலோ சாப்பாடு, இரவு சாத்தூரில் டிபன் என்று பயணிகளுக்கே தெரிந்திருக்கும். நான்குவழிச் சாலை வந்து புறவழிச்சாலைகள் போட்ட பிறகு, ஊர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்றாகிவிட்டது. ஊருக்குள் இருந்த கடை இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது. நாம்தான் அதைத் தாண்டிப் பறந்துகொண்டிருக்கிறோம்.

எனவே என் முதல் யோசனை, புறவழிச்சாலையை விட்டு இறங்குங்கள் என்பதே. சிறிய, நடுத்தர ஊர்களில் புறவழியிலிருந்து பேருந்து நிலையம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும். பேருந்து நிலையம், தாலுகா அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றியுள்ள கடைகளில் நாள்தோறும் அதே ஆட்கள் வந்து சாப்பிடுவார்கள். ஒரு நாள் சாம்பார் கெட்டிருந்தால் மறுநாள் அந்த எழுத்தரும் வழக்கறிஞரும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். நெடுஞ்சாலைக் கடைக்காரருக்கு அந்தப் பயம் கிடையாது. இன்று சாப்பிட்டவர் மீண்டும் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது யோசனை, முதலாவதைவிடப் பெரியது. கடையைத் தேடுவதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் அது அடுப்பை விட்டு இறங்குகிற நேரம் ஒன்று உண்டு. இட்லியும் பொங்கலும் காலை ஏழு முதல் ஒன்பதரை வரை. சாப்பாடு பன்னிரண்டரை முதல் இரண்டு வரை. வடை, பஜ்ஜி நான்கு மணிக்கு மேல். புரோட்டா மாலை ஆறரைக்கு மேல். அந்தந்த நேரத்தில் சாதாரணக் கடையில்கூட நல்ல பண்டம் கிடைக்கும். நேரம் தவறிப் போனால் பெயர்பெற்ற கடையிலும் மீந்ததுதான் கிடைக்கும். மூன்றரை மணிக்குச் சாப்பாடு கேட்டது தவறு என்று நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் கல்லில் போட்டு எடுக்கும் ஊத்தப்பமோ தோசையோ கேட்டிருந்தால், அதே கடையில் உங்கள் மகனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

#4 கேள்விக்குறி

வேன்காரர் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ‘லாரிகள் நிற்கும் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும்’ என்று எல்லோரும் சொல்வதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார்? என் அனுபவத்தில், வண்டிகள் நிறைய நிற்கும் சில கடைகளில் சாப்பாடு மிக மோசமாக இருந்திருக்கிறது.

#5 வேன்காரர்

நியாயமான கேள்வி. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். லாரி நிற்பது வேறு, வேனும் பேருந்தும் நிற்பது வேறு. பயணிகளை அழைத்துவரும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பல கடைகளில் தனி அறையில் இலவசச் சாப்பாடு போடுவார்கள். சில இடங்களில் கையில் பணமும் கொடுப்பதுண்டு. நானும் தொடக்க காலத்தில் அப்படிச் சாப்பிட்டவன்தான். என்னை நம்பி வந்த ஒரு குடும்பத்துப் பெரியவர் ஒரு நாள், ‘தம்பி, உனக்குப் போட்ட குழம்பு வேறு, எங்களுக்கு ஊற்றிய குழம்பு வேறு’ என்று அமைதியாகச் சொன்னார். அன்றோடு அதை விட்டேன். ஆகவே பேருந்துகளும் வேன்களும் வரிசையாக நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

லாரி ஓட்டுநர் தம் கைக்காசைக் கொடுத்துச் சாப்பிடுகிறார். அந்த வகையில் அது நம்பத்தகுந்த அடையாளம். ஆனால் லாரி நிறுத்த அகலமான இடம் வேண்டும், குளிக்கத் தண்ணீர் வேண்டும், கயிற்றுக் கட்டில் வேண்டும். அதற்காகவும் அங்கே நிற்பார்கள். காரமும் எண்ணெயும் தூக்கலாக இருப்பதால் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தச் சாப்பாடு ஒத்துவராமல் போகலாம். எனக்கு மிகவும் பயன்பட்ட அடையாளம் வேறு: உள்ளூர்ப் பதிவெண் கொண்ட இருசக்கர வண்டிகள் வாசலில் நிற்க வேண்டும், தூக்குவாளியோடு வந்து சாம்பாரோ குழம்போ வாங்கிப் போகிறவர்கள் இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கிப் போகிறார்கள் என்றால் அந்தக் கடையை அந்தத் தெரு நம்புகிறது என்று பொருள்.

#6 மேலூர்மகள்

இத்தனை பேர் எழுதியும் கழிப்பறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பெண்களும் வயதானவர்களும் வரும் பயணத்தில் சாப்பாட்டுக் கடையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி முடிவு கழிப்பறையைப் பொறுத்தது. என் அத்தை இரண்டு நாள் பயணங்களில் தண்ணீரே குடிக்காமல் வருவார். கேட்டால், ‘எங்கே போவது, என்ன நிலையில் இருக்குமோ’ என்பார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அவர்களுக்குக் கெடுதல். ஊருக்குள் இருக்கும் சிறு மெஸ்ஸில் சாப்பாடு அருமையாக இருக்கும். ஆனால் பெண்களுக்கென்று ஒதுங்க இடமே இருக்காது. வேன்காரர் அண்ணனின் யோசனையில் இந்த ஒரு குறை இருக்கிறது.

நாங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். சாப்பாட்டையும் கழிப்பறையையும் ஒரே இடத்தில் தேடுவதில்லை. சுங்கச்சாவடிகளை ஒட்டிக் கழிப்பறைகள் உண்டு. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி; எரிபொருள் போடாதவரும் கேட்கலாம். எண்ணெய் நிறுவனங்களே நேரடியாக நடத்தும் பங்குகளில் பெரும்பாலும் சுத்தம் ஓரளவு இருக்கிறது. முதலில் அங்கே நிறுத்திவிட்டு, பிறகு ஊருக்குள் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். கழிப்பறை சுத்தமாக இருக்கும் உணவகம் கிடைத்தால் வரைபடத்தில் குறித்து வையுங்கள். மதிப்புரை எழுதும்போது அதையும் ஒரு வரி எழுதுங்கள். பின்னால் வரும் பெண்களுக்கு அந்த ஒரு வரி எத்தனை பெரிய உதவி என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

#7 அடுப்படி

நான் பதினெட்டு ஆண்டுகள் உணவகச் சமையலறைகளில் மாஸ்டராக இருந்தவன். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து எல்லோரும் எழுதிவிட்டதால், அடுப்புப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் சமைத்த உணவு நின்ற நேரமும் வெப்பமும்தான். சமைத்த பண்டம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கிருமி பெருகும். நம் ஊர் வெயிலில் பிற்பகல் அறை வெப்பமே 35 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சோற்றைப் பற்றி ஒரு செய்தியை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்: அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வடித்து வெளியே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. மதியம் மீந்த சோறு இரவில் ஃபிரைடு ரைஸாக வருவது ஏன் ஆபத்தானது என்பது இதிலிருந்து புரியும். பயணத்தில் இரவு வேளையில் ஃபிரைடு ரைஸ் வேண்டவே வேண்டாம் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தேங்காய்ச் சட்னி வெயில் நாளில் சில மணி நேரம்கூடத் தாங்காது. காலையில் அரைத்ததைப் பதினொரு மணிக்கு ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொதிக்கும் சாம்பாரைக் கேளுங்கள். சர்வரிடம் ‘இட்லி இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘அடுத்த ஈடு எப்போது இறங்கும்’ என்று கேளுங்கள் (ஈடு என்றால் ஒரு தடவையில் அவித்து எடுக்கும் இட்லிகள்). பத்து நிமிடம் ஆகும் என்றால் காத்திருங்கள். நல்ல கடையில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரும், ஏனென்றால் அங்கே ஈடு இறங்கிக்கொண்டே இருக்கும். விழித்துப் பார்த்தால், காலை ஐந்து மணிக்கு அவித்ததைப் பாத்திரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் நூற்றைம்பது பண்டங்கள் இருக்கும் கடையைவிட எட்டுப் பண்டம் இருக்கும் கடை மேல். வட இந்திய உணவு, சீன உணவு, தந்தூரி, தோசை எல்லாம் ஒரே சமையலறையிலிருந்து எந்த நேரத்திலும் வருகிறதென்றால், அவற்றில் பல, உறைபெட்டியிலிருந்தே வருகின்றன. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி, தீர்ந்ததை அழித்துக்கொண்டே வருகிற கடை எனக்குப் பிடிக்கும். ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லத் துணிகிற கடைக்காரர் மீந்ததை நாளைக்கு வைக்கமாட்டார்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் கடையில் மாட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சிட்டிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த எண் இருப்பதால் சுவை வந்துவிடாது. ஆனால் சிக்கல் ஏற்பட்டால் புகார் கொடுக்க அதுதான் பிடி. பில்லைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

#8 விருதுநகர்வாசி

மாஸ்டர் அவர்களின் பதிவைப் படித்ததும் எங்கள் ஊர்ப் புரோட்டாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவை, மற்ற ஊர்ப் புரோட்டாவின் கொழுப்பு மிகுந்த வடிவம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது அப்படியன்று. சிறு சிறு உருண்டைகளை வீசி, சுருட்டி, தட்டி, நடுவில் குழிந்த பெரிய கல்லில் நிற்கும் எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே அடுக்கடுக்காகவும் இருக்கும். அதை இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவை மேலே ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். மொறுமொறுப்பு முழுவதும் போய்விடுவதற்கு முன், ஆனால் சால்னா உள்ளே இறங்கிய பின், என்று ஒரு பதம் இருக்கிறது; அந்தப் பதத்துக்காகத்தான் கூட்டம்.

இதைப் பார்சல் வாங்கிக் காரில் சாப்பிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. ஒரு மணி நேரத்தில் அது தோல் போல ஆகிவிடும். பிறகு ‘விருதுநகர் புரோட்டா அப்படியொன்றும் இல்லை’ என்று எழுதுகிறார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் ஊருக்குள் வாருங்கள். பர்மா கடை போன்ற பெயர்பெற்ற கடைகளும் உண்டு. பெயர் தெரியாத சிறு கடைகளும் உண்டு. கல்லுக்கு எதிரே இருக்கும் மேசையில் உட்காருங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் மைதா அவருக்கு வேண்டாம். முட்டை ஆம்லெட்டோ சுக்காவோ வாங்கி, சிறிதளவு புரோட்டாவை மட்டும் ருசிக்குத் தரலாம்.

#9 கட்டுச்சோறு

ஏன் வெளியில் சாப்பிட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மாமியார் கற்றுக்கொடுத்தபடி, முதல் வேளைக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, இரண்டாம் வேளைக்குப் புளியோதரை, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு போகிறேன். புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்வதால் புளியோதரை நாள் முழுவதும் கெடாது. ஆனால் சோறு நன்றாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். தயிர்ச்சோற்றுக்குக் காலையில் தயிரைக் கொட்டக் கூடாது. குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிரை மட்டும் உறையாக விட்டால், மதியம் திறக்கும்போது புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். மாத்திரை போட்டுக்கொள்ளும் அம்மாவுக்கு நேரம் தவறாமல் சாப்பாடு கிடைப்பதற்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

#10 தென்வழிப்பயணி

எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் முதல் வேளைக்குக் கட்டுச்சோறு என்று இன்றே முடிவு செய்துவிட்டேன். ஆனால் குழந்தைகளுக்கு அந்தந்த ஊரின் சாப்பாட்டை அந்தந்த ஊரில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது. என் மகள் திருநெல்வேலியை அல்வா டப்பாவின் மேல் அச்சிட்ட பெயராக மட்டும் அறிந்திருக்கிறாள். வேன்காரர் ஐயா, நீங்கள் சொன்ன நேரக்கணக்கை எங்கள் பயணத்துக்குப் பொருத்திச் சொல்ல முடியுமா? விடியற்காலை நான்கரைக்குக் கிளம்புவதாக இருக்கிறோம்.

#11 வேன்காரர்

நான்கரைக்குக் கிளம்பினால் விழுப்புரம் ஏழேகாலுக்கு வரும். அம்மா வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டாலும், நீங்கள் விழுப்புரம் ஊருக்குள் இறங்கிவிடுங்கள். பத்து மணிக்குமேல் திருச்சி. அது காபிக்கு மட்டுமே சரியான நேரம். வழியெங்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பலகைகள் இருக்கும். பித்தளை டபராவைப் பார்த்து ஏமாற வேண்டாம். கறந்த பால் காய்வதையும் டிகாக்‌ஷன் இறங்கும் வடிகட்டியையும் கண்ணால் பார்த்துக் குடியுங்கள்.

ஒரு மணி வாக்கில் மதுரை. இங்கேதான் சிக்கல். மதுரைக்குள் புகுந்து சிம்மக்கல் பக்கம் போய்க் கறிதோசையோ, அயிரை மீன் குழம்போ சாப்பிட்டால் மனம் நிறையும். ஆனால் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குமேல் போய்விடும். குழந்தைகளும் அம்மாவும் இருப்பதால் மேலூர்ச் சாலையிலேயே மாட்டுத்தாவணிப் பக்கம் சாப்பிட்டுவிட்டு வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள். கார் ஓட்டுபவர் மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டாம். இரண்டு மணி முதல் நான்கு மணி வரை உடம்பே தூங்கப் பார்க்கும். அதன்மேல் வயிறு நிறையச் சோறும் சேர்ந்தால், திருமங்கலம் தாண்டியதும் நேராகக் கிடக்கும் சாலையில் கண் செருகிவிடும். நான் அந்த நேரத்தில் அரை வயிறு சாப்பிட்டு, இருபது நிமிடம் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கண்ணை மூடுவேன்.

போகும்போது விருதுநகரைப் பிற்பகலில் கடப்பீர்கள். புரோட்டாவுக்கு நேரம் வராது, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். சாத்தூரில் காராச்சேவும், பருவமாக இருந்தால் வெள்ளரிப் பிஞ்சும் வாங்கலாம். அம்மாவும் வெள்ளரிப் பிஞ்சைத் தாராளமாகச் சாப்பிடலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புறவழிச்சாலைக் கடைகளில் கிடைப்பதெல்லாம் அதுவல்ல, ஊருக்குள் போய் வாங்குங்கள்.

திருநெல்வேலிக்கு நாலரை வாக்கில் போய்ச் சேர்வீர்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். அதே பெயரைச் சிறிது மாற்றி வைத்த கடைகள் ஊரெங்கும் இருக்கின்றன. திரும்பி வரும்போது வாங்குவது நல்லது. நாகர்கோவிலிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினால், ஐந்து மணிக்குத் திருநெல்வேலியில் சூடான அல்வாவை வாழையிலைத் துண்டில் வாங்கிச் சாப்பிடலாம். ஏழரைக்கு விருதுநகரில் புரோட்டா. இரவு மதுரையில் தங்கிவிட்டு, காலையில் மதுரை இட்லி. போகும் வழியின் சாப்பாடு வேறு, திரும்பும் வழியின் சாப்பாடு வேறு. ஒரே சாலைதான், நேரம் மாறுவதால் ஊரே மாறிவிடும்.

#12 நாஞ்சிலான்

நாகர்கோவிலுக்கு வருவதால் ஒரு வார்த்தை. வந்து சேரும் மாலையில் ரசவடை சாப்பிடுங்கள். மறுநாள் மதியம் தேங்காய் அரைத்து வைத்த மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். நேந்திரங்காய் வற்றலைத் தேங்காயெண்ணெயில் கண்ணெதிரே பொரித்துத் தரும் கடையில் வாங்குங்கள். உறையில் அடைத்துத் தொங்குவதில் எண்ணெய் எதுவென்று தெரியாது. மட்டி என்ற எங்கள் பக்கத்து வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது. சிறியது, மணமானது, எங்கள் பக்கம் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டும் பழம் அது. நன்றாகப் பழுத்ததை வாங்கினால் அன்றே தின்றுவிட வேண்டும்.

#13 பேருந்துப்பயணி

கார் வைத்திருப்பவர்கள் கடையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். எங்களைப் போலத் தொலைதூரப் பேருந்தில் போகிறவர்களுக்கு, நள்ளிரவில் ஓட்டுநர் நிறுத்திய இடமே கடை. அங்கே ஒரு தோசையின் விலை ஊரில் இருப்பதைப் போல இருமடங்கு. தண்ணீர்ப் புட்டிக்கும் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்கிறார்கள். நான் செய்வது இதுதான்: பொட்டலப் பொருளை அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம் என்பதை அமைதியாகச் சொல்கிறேன், பெரும்பாலும் அந்த விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். சமைத்த பண்டம் எதையும் வாங்குவதில்லை. வாழைப்பழம், வேகவைத்த கடலை, வீட்டிலிருந்து கொண்டுவந்த சப்பாத்தி ஆகியவற்றோடு இரவைக் கழிக்கிறேன். அந்த நேரத்தில் பசியோடு இறங்கும் முதியவர்களைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. மேலே #5இல் வேன்காரர் எழுதியதைப் போல ஓட்டுநர்களே மனம் மாறினால்தான் இது மாறும். அவர் அதை எழுதியதற்கு என் வணக்கம்.

#14 தென்வழிப்பயணி

போய் வந்துவிட்டோம். நீங்கள் ஒவ்வொருவரும் எழுதியதற்கு, நடந்ததைச் சொல்வதே கைம்மாறு.

விழுப்புரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், வாசலில் இருசக்கர வண்டிகள் நின்ற ஒரு கடைக்குள் நுழைந்தோம். அடுத்த ஈடு எப்போது என்று கேட்டேன். சர்வர் திரும்பிப் பார்க்காமலேயே ‘நாலு நிமிஷம் சார், உட்காருங்க’ என்றார். நாலாவது நிமிடத்தில் துணியோடு இட்லித் தட்டு வந்தது. அம்மா வண்டியில் சாப்பிட்டிருந்தபோதும் ஒன்று வாங்கிக்கொண்டார். மேலூர்மகள் சகோதரி சொன்னபடி ஊருக்குள் நுழையும் முன்பே பெட்ரோல் பங்கில் நிறுத்தியிருந்ததால் அவசரமில்லாமல் சாப்பிட முடிந்தது.

மதுரையில் யோசனையை மீறினேன். மகள் கேட்டாள் என்று சிம்மக்கல்லுக்குப் போனோம். நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. கறிதோசை அருமை. ஆனால் அம்மாவின் மதிய மாத்திரை நேரம் நெருங்கியதால், சாலையில் நின்றபடியே தயிர்ச்சோற்றைத் திறந்தோம். கட்டுச்சோறு அம்மையார் சொன்னது போலவே சரியாக உறைந்திருந்தது. அது இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே தயக்கமாக இருக்கிறது.

திரும்பும்போது எல்லாம் நேரத்துக்கு அமைந்தது. திருநெல்வேலியில் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். வாழையிலையில் வைத்துத் தந்த அல்வாவை மகள் விரலில் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டுவிட்டு, ‘டப்பாவில் வருவது இது இல்லை, அப்பா’ என்றாள். விருதுநகரில் கல்லுக்கு எதிரே இருந்த மேசையில் உட்கார்ந்தோம். மகன் புரோட்டா பொரிவதைப் பார்ப்பதற்காக இரண்டு முறை எழுந்து போனான். சால்னா ஊற்றி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று பரிமாறியவரிடம் கேட்டேன். அவர் என் இலையைப் பார்த்துக்கொண்டே நின்று, ‘இப்ப சாப்பிடுங்க’ என்றார்.

கழிப்பறை சுத்தமாக இருந்த மூன்று இடங்களை வரைபடத்தில் குறித்து, மதிப்புரையிலும் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஆம்பூர் வழியாகக் கிருஷ்ணகிரி வரை போக வேண்டியிருக்கிறது. ஆம்பூரில் பிரியாணி அண்டா திறக்கும் நேரம் எது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதற்கேற்றபடி வீட்டிலிருந்து கிளம்புகிறோம்.